வலது பக்க நட்டு

மரக்காணம்
11.8.2025

பிரிசில்லாவுக்கு,

அப்பா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நீ போட்ட மூன்று கடிதங்களும் அவருடைய பைபிளுக்குள் இருக்கின்றன. அவரால் பதில் எழுத முடியவில்லை. வலது தோள் எலும்பு உடைந்து, இப்போதுதான் கட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

பதறாதே. சாப்பிடுகிறார், நடக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் தடுத்தார். "புதுசா மடத்துக்குப் போயிருக்குது. அங்க போன் கூட கிடையாது. தெரிஞ்சா பாதியில ஓடி வந்துடும்" என்றார். ஓடி வந்தால் வரட்டுமே என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். நீ கிளம்பிப் போனது வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை, ஜூன் இரண்டாம் தேதி சாயங்காலம், அப்பா உப்பளத்திலிருந்து நம் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் தட்சணாமூர்த்தி மாமா. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் வண்டி சாய்ந்துவிட்டது. அப்பா மண்ணில் விழுந்தார். மாமா பாலத்துக் கல்லில் போய் விழுந்தார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. தலையிலும் அடி. பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தார். இப்போது காலுக்குள் கம்பி வைத்து வீட்டில் படுத்திருக்கிறார். அன்றைக்குக் காலையிலிருந்து நடந்தது ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

வேறு யாராவது எழுதுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அன்றைக்குக் குடித்திருந்தார். ஐந்து வருஷம் தொடாதவர். நீ போன வருத்தத்தில் குடித்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது. அளத்தில் மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கோயில் திருவிழாக் கமிட்டியிலிருந்து அவரே விலகிக்கொண்டார்.

இப்போது உனக்குத் திருப்திதானே என்ற கேள்வி வாய் வரை வருகிறது. கேட்கவில்லை.

பிராங்க்ளின்


திண்டுக்கல்
24.8.2025

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கொடுத்தார்கள். படித்துவிட்டுப் பரிமாறப் போனேன். ஒரே சிஸ்டருக்கு மூன்று தடவை சாம்பார் ஊற்றினேனாம். பொறுப்பு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போயிட்டு வர்றியாம்மா?" என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்போது வேண்டாம் என்றேன். நான் வந்து நின்றால் அப்பா மறைப்பதை இன்னும் அழுத்தி மறைப்பார்.

ஆமாம், மறைப்பது என்றுதான் எழுதுகிறேன். அப்பா குடிக்கவில்லை அண்ணா.

அவர் குடித்த காலத்தில் எப்படி இருந்தார் என்று நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். குடித்த மறுநாளே கண் சிவக்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வருவார். அம்மா அதற்காகவே அவரைத் திட்டாமல் விட்டுவிடுவாள். நீ எனக்கு இதை மட்டும் சொல். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாரா? குடித்தவர் என்றால் கட்டாயம் போயிருப்பார்.

இன்னொன்று. வண்டியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வீட்டு வண்டியில் கீறல் விழுந்தாலே அரை மணி நேரம் பேசுகிறவன் நீ. நம் வண்டி விழுந்து இரண்டு பேருக்கு எலும்பு உடைந்திருக்கிறது. "சாய்ந்துவிட்டது" என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டாய்.

திருப்திதானே என்று கேட்கவில்லை என்கிறாய். அதை எழுதியதே கேட்டது போலத்தான். நான் கிளம்பிய அன்றைக்கு நீ கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தாய். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் முகம் கழுவுவான்? நான் அதற்காக உன்மேல் கோபப்படவில்லை. இந்த இரண்டு மாத மௌனத்துக்காகக் கோபப்படுகிறேன்.

பிரிசில்லா


மரக்காணம்
13.9.2025

பிரிசில்லாவுக்கு,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அப்பா விற்றுவிடச் சொல்கிறார். இந்த நிலையில் எடைக்குத்தான் எடுப்பார்கள். அதனால் பின்பக்கத்தை முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறேன். சக்கரத்தில் ஏழு கம்பி உடைந்திருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. அதன் அச்சு போல்ட் உப்புக்காற்றில் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். உள்ளே அச்சைச் சுற்றியிருந்த புஷ் பொடியாகக் கொட்டியது. போதுமா, வண்டியைப் பற்றி எழுதிவிட்டேன்.

அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. ஒரு தடவைகூட. நற்கருணை வாங்கவும் எழுந்திருப்பதில்லை. பூசை முடியும்வரை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

குடித்ததாகச் சொன்னது அவர்தான். ஆஸ்பத்திரியில் வைஜெயந்தி அத்தை "எப்படிண்ணே விழுந்தீங்க?" என்று கேட்டபோது, "கொஞ்சம் போட்டிருந்தேன்மா" என்று அவர் வாயாலேயே சொன்னார். அத்தை அழவில்லை. ஒரு வாரம் கழித்து அளத்து கேட்டுக்கு எதிரில், டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அப்பாவின் மேல் வீசினார். "என் புருஷன் காலு உங்களுக்கு சைடு டிஷ்ஷாய்யா?" என்று கேட்டார். அப்பா சட்டையைத் தட்டிக்கூட விடவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தார். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வீட்டு வாசலில் போய் நிற்கிறார். அத்தை கதவைச் சாத்திவிடுகிறார்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. சாலமன் அண்ணன் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பாதியை நான் ஒர்க்‌ஷாப் போடத் தருவதாகச் சொல்கிறார். பொங்கல் கழிந்து திறக்கலாம். கிளியனூர் பெட்ரோல் பங்கு வேலையை விட்டுவிடுவேன். அப்பாவுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு வரும் கடிதங்களை அங்கே யாராவது பிரித்துப் படிப்பார்களா?

பிராங்க்ளின்


திண்டுக்கல்
28.9.2025

அண்ணா,

யாரும் பிரிப்பதில்லை. ஒட்டியபடியே கையில் கொடுக்கிறார்கள். நான் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். எழுது.

நீ எழுத நினைப்பது எனக்குப் பாதி தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் ஒரே கேள்வி. கழன்றது வலது பக்கமா?

பிரிசில்லா


மரக்காணம்
9.10.2025

பிரிசில்லா,

வலது பக்கம்தான். உனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியோடு நான்கு நாளாக வேலைக்குப் போய் வருகிறேன். நேற்று ஒருவர் பெட்ரோல் கேட்டார், டீசல் குழாயைத் தூக்கிவிட்டேன்.

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

பழைய ஷாக் அப்சர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகிப்போய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அப்பாவின் இடுப்பில் இடி விழுந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர் உன்னையும் உன் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும். உன்னை வழியனுப்ப மாட்டேன் என்று சொன்னவன் நான். ஆனாலும் நீ குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கேஸ் நிரப்பிய புது ஷாக் அப்சர் ஜோடியை வாங்கி, மே இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் உட்கார்ந்து மாட்டினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இடது பக்கம் ஒழுங்காக மாட்டினேன். வலது பக்கம் கீழே, ஸ்விங் ஆர்மிலிருந்து மரை போட்ட முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஷாக் அப்சரின் அடிக் கண்ணை அதில் நுழைத்து நட்டுப் போட வேண்டும். அது லாக் நட்டு. உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது. பழைய லாக் நட்டு துருவேறிக் கழற்றும்போதே பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, சாலமன் அண்ணன் கடை இல்லை. டப்பாவைக் கிளறி ஒரு சாதா நட்டை எடுத்துப் போட்டேன். முளையின் மரையையும் துரு பாதி தின்றிருந்தது. தெரிந்துதான் போட்டேன். திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று. திங்கட்கிழமை இரண்டு ஷிப்டு. செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது, சோம்பலாக இருந்தது. புதன்கிழமை ஞாபகமே வரவில்லை. அப்பா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "டேய், மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குதுடா" என்றார். அந்த வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு.

எட்டாம் நாள் விழுந்தார்கள். நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிமிர்த்தினேன். முளையில் நட்டு இல்லை. கழன்ற ஷாக் அப்சர் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து சக்கரத்தை நிறுத்தியிருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு குட்டியானை லாரி பிடித்து, வண்டியை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போலீஸ் வந்து பார்ப்பதற்குள் அதை இழுத்து மாட்டி வேறொரு நட்டைப் போட்டு முடுக்கினேன். அப்பா ஆஸ்பத்திரியில் வலியில் கத்திக்கொண்டிருந்த நேரம் அது. நான் போய் அவர் கையைப் பிடிக்கவில்லை. நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி தானாக வழுக்கி விழுந்தது என்று எழுதிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் அப்பா குடித்திருந்ததாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் குடித்தார் என்றே நம்பிக்கொண்டேன். அப்படி நம்பினால்தான் தூக்கம் வந்தது.

இப்போது நீ சொல். வலது பக்கம் என்று உனக்கு யார் சொன்னது?

பிராங்க்ளின்


திண்டுக்கல்
26.10.2025

அண்ணா,

யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேன், என் காதால்.

அன்றைக்கு பிரம்மதேசம் தாண்டியதும் என் வலது காலுக்குக் கீழே 'டக், டக்' என்று ஒரு சத்தம். பெட்டி இடிக்கிறது என்று முதலில் நினைத்தேன். காலைத் தூக்கிப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். விரலால் எதையோ திருகி முடுக்கினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "நட்டு கொஞ்சம் லூசா இருக்குது. பிராங்க்ளின்கிட்ட சொல்லாத. ஞாயித்துக்கிழம முழுக்க வெயில்ல உக்காந்து மாட்டினான். மனசு கஷ்டப்படுவான். நான் சாலமன் கடையில பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சரிப்பா என்றேன். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. இறங்கியதும் உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். போனை ஒப்படைக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனால் நீதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாயே. உன்னிடம் நானாகப் பேசுவதா என்று இருந்துவிட்டேன். வீம்பு. கன்னியர் மடத்துக்கு வருகிறவள் பஸ் ஸ்டாண்டில் நின்று பிடித்த வீம்பு அது.

ஆகஸ்டில் உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். அதற்குள் நானும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியும் அண்ணா. எது கழன்றது, யார் மாட்டியது எல்லாம் தெரியும். தெரிந்துதான் தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பொய்யை விடுவதற்கு அவருக்கு மனம் இல்லை. அதனால்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக முடியவில்லை.

அப்பாவிடம் பேசு. பிறகு மாமாவிடம் போ.

பிரிசில்லா


மரக்காணம்
20.11.2025

பிரிசில்லாவுக்கு,

ஒரு போன். ஒரே ஒரு போன். "அண்ணா, வலது பக்கம் சத்தம் வருது" என்று நாலு வார்த்தை. மூன்று வாரமாக உனக்கு பதில் எழுதாததற்கு இதுதான் காரணம். எழுதியிருந்தால் திரும்ப எடுக்க முடியாத எதையாவது எழுதியிருப்பேன். உன்னைவிட எனக்குத்தான் பங்கு அதிகம் என்று தெரிகிறது. தெரிந்தாலும் ஆறவில்லை.

அப்பாவிடம் பேசினேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, அவர் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நட்டு விஷயத்தை ஆரம்பித்ததுமே என்னை அடிக்கக் கையை ஓங்கினார். உடைந்த தோள், கை பாதிக்கு மேல் எழவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சத்தத்தைக் கேட்டவன் நானு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு மூணு நாள் ஓட்டுனவனும் நானு. அவனைப் பின்னாடி ஏத்துனதும் நான்தான். நீ இதுல வராத."

"மாமாகிட்ட சொல்லணும்பா."

"என்னான்னு சொல்லுவ? குடிகாரன்றது எனக்குப் பழைய பேரு, இன்னொரு தடவ சொன்னா தேஞ்சிட மாட்டேன். உன் கையப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அப்புறம் ஒருத்தனும் உங்கிட்ட வண்டிய விடமாட்டான். கடை தெறக்கப் போற நேரத்துல புத்தி கெட்டு நிக்காத."

அம்மா படத்தைக் காட்டி என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். திட்டுவதானால் திட்டு.

வண்டியில் மட்டும் வேலை நடக்கிறது. பழைய முளையை அடியோடு அறுத்தெடுத்துவிட்டேன். கிளியனூர் லேத்துப் பட்டறையில் புது முளை கடைந்து, அங்கேயே ஸ்விங் ஆர்மில் பற்றவைத்து வாங்கி வந்தேன். இரண்டு கோட்டு துருப்பிடிக்காத பெயிண்டு அடித்திருக்கிறேன். அச்சுக்கு வெண்கல புஷ். சக்கரக் கம்பி எல்லாம் புதுசு. வளைந்துபோன ஷாக் அப்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேர் எடை தாங்குகிற கனமான ஸ்பிரிங் வைத்ததாக ஒரு ஜோடி போட்டிருக்கிறேன். எந்த நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றும் வாங்கினேன். அது 'கிளிக்' என்று சொன்ன பிறகும் நம்பாமல் இன்னொரு முறை வைத்துப் பார்க்கிறேன்.

வெளியே எடுத்து ஓட்ட மட்டும் முடியவில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிராங்க்ளின்


திண்டுக்கல்
14.12.2025

அண்ணா,

நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். படுத்திருக்கிறவரை யார் காப்பாற்றுவது? தன் சினேகிதன் குடித்துவிட்டுத் தன் காலை உடைத்தான் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டு கிடக்கிறார். கால் ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது வருஷ சினேகிதத்தையும் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறோம். அம்மாவின் படத்தைத் தொட்டு நீ சத்தியம் செய்யலாம். அம்மா இருந்திருந்தால் அந்தக் கையிலேயே ஒன்று போட்டிருப்பாள்.

இத்துடன் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். வைஜெயந்தி அத்தைக்கு. நான் கேட்ட சத்தத்தைப் பற்றி மட்டும் அதில் எழுதியிருக்கிறேன். உன் பெயர் இல்லை. என் பங்கை நான் சொல்ல வேண்டும். அதைத் தடுக்க உனக்கும் அப்பாவுக்கும் உரிமை இல்லை. நீயே கொண்டுபோய்க் கொடு. ஜனவரி மாதம் முடிவதற்குள் கொடுக்கவில்லை என்றால் இதையே மறுபடி எழுதித் தபாலில் போடுவேன்.

பொறுப்பு சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அவர் "எழுதிட்டு வந்து காய் நறுக்கு" என்றார்.

கடை போய்விடும் என்று எனக்கும் தெரியும். தெரியாமல் எழுதவில்லை.

பிரிசில்லா


மரக்காணம்
6.2.2026

பிரிசில்லா,

உன் உறையை கிறிஸ்துமஸ் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேர்வை பட்டு எழுத்து கலங்கியிருக்குமோ என்று ஒரு நாள் பயந்தேன். கலங்கட்டும் என்றும் ஒரு நாள் நினைத்தேன்.

ஜனவரி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அப்பா பூசையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். நடந்தே போனேன். அத்தை வாசலில் மீன் அலம்பிக்கொண்டிருந்தார். "என்ன, இன்னிக்கு அப்பனுக்குப் பதிலா புள்ளையா?" என்றார். உறையைக் கொடுத்தேன். மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். புளியமரம், சத்தம், விரலால் முடுக்கியது, எல்லாம். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த நட்டு?"

சொன்னேன். சாதா நட்டு, துரு தின்ற மரை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, பாலத்திலிருந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மறைத்தது, ஒன்று விடாமல். அளத்தில் இருபது வருஷம் தண்ணீர் மோட்டார் ஓட்டியவர் அல்லவா, பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"வாரா வாரம் வாசல்ல வந்து நின்னான்டி. ஒரு தடவ கூட உள்ள வான்னு சொல்லல நானு" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை அழவில்லை. மீன் கையோடு என் எதிரில் வந்து நின்றார். "எங்கிட்ட வந்து மெதுவா சொல்லிட்டுப் போனா ஆச்சா? உங்கப்பாவ நான் எங்க நின்னு கேட்டேனோ, அங்க வந்து சொல்லு. அத்தினி பேரும் இருக்கும்போது சொல்லு. என்ன மண்ண வாரி வீச வெச்சது நீதானே?" என்றார்.

மறுநாள் காலை சொன்னேன். டீக்கடையில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். குரல் நடுங்கியதால் ஒருவர் "சத்தமா சொல்லுப்பா" என்றார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். அதற்கு அடி வாங்கியிருக்கலாம்.

அப்பா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. "சத்தியத்தைப் போக்கடிச்சிட்ட. கடையையும் போக்கடிச்சிட்ட" என்று சொன்னதோடு சரி. கடை போனது உண்மைதான். சாலமன் அண்ணன் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு வருஷம் போகட்டும்பா" என்றார். கொல்லையில் வேலைக்கு விட்டிருந்த இரண்டு வண்டிகளையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்தாம் நாள், பொங்கலுக்கு மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது, அப்பாவைக் கூப்பிட. போனவர் சாயங்காலம்தான் வந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. கிரிக்கெட் பாத்தோம்" என்றார். அந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அளத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மேஸ்திரியாக அல்ல. அதற்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். சரி என்று போகிறார்.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மழை முடிந்து பாத்திகளைச் சீர் செய்து, அளத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாமா கோலூன்றி நடக்கிறார். இனி உட்கார்ந்து பார்க்கிற வேலை செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மோட்டார் ஷெட்டுக்கு வந்துவிடத் துடிக்கிறார். ஆனால் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நாலு கிலோமீட்டர், பாதிக்கு மேல் உப்பளத்து வரப்பு. ஆட்டோ போகாது. பைக்கில்தான் போக வேண்டும். அவர் தானே சொன்னாராம், "அந்தப் பையன் வண்டியில போறேன். முழுக்கப் பிரிச்சு மாட்டியிருக்கான்ல" என்று.

அத்தை காலையில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார், குனிந்து காட்டினேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எடு வண்டிய. மொதல்ல நான் உக்கார்றேன். நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். அவரு இன்னொரு தடவ விழக்கூடாது" என்றார்.

சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினேன். அப்பா கதவருகில் நின்றார்.

அத்தை ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கி, நின்றது. தார் ரோட்டில் போகும்வரை ஒன்றும் இல்லை. வரப்பில் இறங்கியதும் பள்ளமும் மேடும். இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். ஒவ்வொரு பள்ளத்திலும் என் காது முழுக்க வலது பக்கத்தில் இருந்தது. சக்கரம் இறங்கி ஏறுவது மட்டும் 'தொப், தொப்' என்று கேட்டது. வேறு சத்தம் இல்லை. ஆனாலும் இரண்டு முறை நிறுத்திக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். அத்தை இறங்காமலே, "என்னா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல அத்தை" என்பேன். திரும்பி வரும்போது, அன்றைக்கு அவர்கள் வந்த அதே திசையிலிருந்து, பாலத்தை நெருங்கினோம். கை தானாக பிரேக்குக்குப் போனது. முதுகுக்குப் பின்னாலிருந்து, "நிறுத்தாத. போ" என்றார். போனேன். பாலம் தாண்டியதும், "இவ்ளோ மெதுவா போனீனா அவரு உன்னத் திட்டுவாரு" என்றார்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கி, இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்து உதறினார். மன்னித்தேன் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"நாளைக்கு ஆறரைக்கு வந்துடு. ஏழு மணிக்கு மோட்டார் போடணுமாம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

பிராங்க்ளின்